கண்காணியும் கண்காணிப்பும்

சின்னாட்களுக்கு முன்னர்ச் சிவாலயமொன்றில் வழிபாடு முடித்து உண்டியலருகே நின்றிருந்தேம். ஆண்டு ஒரு மூதாட்டியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசொன்றை உண்டியலில் இட்டுச் சிறிது நேரம் கண்மூடி நின்று ஏகினார். அவர் யாவர், இட்டது எத்துணை என்பதனை உண்டியலும் அறியாது. கோயிற் கணக்கரும் அறியார். அவர்க்குப் பின் வந்த இளைஞரொருவர் உண்டியலின்மேல் ஒட்டப்பெற்றிருந்த கியூ.ஆர். குறியை நோக்கித் தம் கைப்பேசியை நீட்டினார்; பின்னர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். எம்மை நோக்கி, "ஐயா, தங்களிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருக்குமா? நாளைக் காலையில் இங்கேயே கொண்டுவந்து தந்துவிடுகின்றேன்" என்றார். கைப்பேசியிலேயே செலுத்தலாமன்றோ என்றேம். "செலுத்தினால் அப்பொழுதே என் தந்தையார் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும், ஐயா. என்ன வேண்டுதல் என்று கேட்பார். அதனை இப்பொழுது அவரிடம் சொல்ல இயலாது" என விடையிறுத்தார். தாளைக் கொடுத்தேம். வேண்டுதல் யாதென யாம் கேட்டிலேம்.

இல்லந் திரும்பும் வழியெல்லாம் இந்நிகழ்ச்சியே எம் உள்ளத்தில் நின்றது. அவ்விளைஞர் மறைக்க விரும்பியது குற்றமொன்றன்று. இறைவனிடத்து வைத்த முறையீடு. எல்லாங் காணும் இறைவன் அதனைக் காண்பதற்கு அவர் கூசினாரல்லர். அவன் காணல் வேண்டுமென்றே வந்தார். ஒரு கணக்கேடு காண்பதற்கே கூசினார். முழுதுங் காண்பவன் காட்சி அவர்க்கு ஆறுதலாகவும், ஐந்நூறு ரூபாயை மட்டுங் காணும் ஏட்டின் காட்சி தளையாகவும் தோன்றியது எற்றுக்கு? பணமும் பொறியும் கண்காணிப்பும் ஒன்றாய்ப் பின்னியுள்ள இக்காலத்தில் இவ்வினா சைவ நன்மக்கள் ஆராயற்பாலதென்று கருதி, எம் சிற்றறிவிற் கெட்டியவற்றை ஈண்டு எழுதலுற்றேம்.

உயிர்க்கு உரிமையாவது யாது

இக்காலத்தார் சுதந்திரம், தனியுரிமை என்னுஞ் சொற்களைப் பெரிதும் வழங்குகின்றனர். சித்தாந்த நூல் பயின்றார்க்கு இவற்றைக் கேட்டவளவில் ஓரையம் நிகழும். தன்வயமுடைமை இறைவன் எண்குணங்களுள் ஒன்று. உயிரோ தானே நிற்கும் இயல்பினதன்று; சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது; மலத்தைச் சார்ந்துழி மலமேயாயும் சிவத்தைச் சார்ந்துழிச் சிவமேயாயும் விளங்குவது. முன்னரே தன்வயமில்லாத உயிர், தன் உரிமை பறிபோயிற்றென்று வருந்துதல் யாங்ஙனம் பொருந்தும் என்பதே அவ்வையம்.

அற்றன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் அவ்வுண்மையே இக்கவலைக்குக் காரணமாவது. தானே ஒளிரும் ஞாயிற்றின் அருகே எந்நிறப் பொருளை வைப்பினும் ஞாயிற்றுக்கு ஊறில்லை. படிகத்தின் அருகே வைக்கப்படுவது யாதென்பதே படிகத்திற்கு எல்லாமாம். ஆகலின் சித்தாந்திக்கு உரிமையாவது நினைந்தவாறு ஒழுகுதலன்று; சாரத்தகாததைச் சார்ந்து நிற்குமாறு பிறரால் நெருக்கப்படாமையும், சாரத்தக்கதனைச் சார்தற்கு இடம் பெற்றிருத்தலுமேயாம். திருநாவுக்கரசு சுவாமிகள் பல்லவ வேந்தன் விடுத்த அழைப்பை மறுத்தருளிய வரலாற்றைப் பெரியபுராணத்துட் காண்கின்றோம். அம்மறுப்புத் தருக்கினால் நிகழ்ந்ததன்று. ஒருவனுக்கு முற்றும் ஆளாயினார் மற்றொருவர்க்கு ஆளாதல் இயலாது என்னும் முறைமையினால் நிகழ்ந்தது. அடிமைத்திறமே ஆண்டு உரிமையாய் நின்றது. இக்கருத்தை உள்ளத்திருத்தி இனி உலகியலை நோக்குவாம்.

விரலின் பதிவு

மக்களைப் பொறியாற் கண்காணிக்கும் முறைக்கு நம் நாடு புதியதன்று. இன்று உலகெங்கும் வழங்கும் கைரேகைப் பதிவு இந்நாட்டிலேயே ஆட்சிமுறையாய் வளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் நடுவராயிருந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர், சாலைக்கு வேண்டும் பொருள்களைத் தருவதாக உடன்படிக்கை செய்த ஒருவருடைய உள்ளங்கையை மையிலே தோய்த்து அவ்வுடன்படிக்கையின்மேற் பதிப்பித்தார். இட்ட கையொப்பத்தைப் பின்னர் மறுத்துரையாவண்ணம் அவரை அச்சுறுத்துதலே அதன் நோக்கம். பணத்தின் பொருட்டு எழுந்த ஓர் ஐயப்பாடே கைரேகைப் பதிவுக்கு வித்தாயிற்று என்க. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதற் கைரேகை நிலையம் நிறுவப்பட்டது.

அவ்வித்து எவ்வாறு விளைந்ததென்பதனைப் பாண்டிநாடு அறியும். குற்றப் பரம்பரையார் சட்டம் என்பது 1871இல் வடநாட்டில் இயற்றப்பட்டு, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டது. குற்றஞ் செய்தார் இவர் என நிறுவாமலே, இன்ன குடியிற் பிறந்தார் என்னும் ஒன்றே பற்றி ஆடவர் ரேகை பதிதல் வேண்டும், குறித்த காலங்களிற் காவல் நிலையத்தில் தம்மைக் காட்டுதல் வேண்டும், ஊர்விட்டு ஏகுதற்கு இசைவுச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் விதித்தது. அதனை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். உசிலம்பட்டிக்கு அணித்தாகிய பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ரேகை பதிய மறுத்து எழுந்தார்மீது காவலர் சுட்டனர். பெண்ணொருத்தி உள்ளிட்டுப் பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

அவர்கள் உயிர்கொடுத்து மறுத்தது யாது? மை பட்ட விரலைக் கழுவிவிடலாம். அதனால் உடற்கு ஊறில்லை. விரல் பதித்த அளவில், தான் செய்யாத களவுக்குத் தான் முன்னரே உரியவன் என்னும் எண்ணம் ஏட்டிலும் பதிந்து, காலப்போக்கில் நெஞ்சிலும் பதிந்துவிடும். நாடோறும் கள்வன் என்று நோக்கப்படுவான் அந்நோக்கின் வண்ணமாக மாறும் இடர் உண்டு. படிகத்தின் உவமை ஆண்டு உயிர்மேல் வைத்து மெய்யாயிற்று.

காணப்படாத காவலன்

மேனாட்டு மெய்ந்நூலாருள் ஜெரமி பெந்தாம் என்பார் 1791இல் ஒரு சிறைச்சாலையின் அமைப்பை வரைந்து நூலாக வெளியிட்டார். அறைகள் யாவும் வட்டமாக அமைய, நடுவண் ஒரு காவற்கோபுரம் நிற்கும். கோபுரத்திலுள்ளான் அறையிலுள்ளாரை யெல்லாம் காண்பான். அறையிலுள்ளார் அவனைக் காணார். இவ்வமைப்பின் உயிர்நிலை இதுவேயாம்: காவலன் எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டா, அவன் பார்க்கின்றானோ அல்லனோ என்பது அறியப்படாமையே போதும். அறியாமையால் அஞ்சி, எப்பொழுதும் பார்க்கப்படுவார் போலச் சிறைப்பட்டோர் ஒழுகுவர்.

அக்கோபுரத்தைக் கல்லாற் கட்டுதற்கு அவர் பல்லாண்டு முயன்றும் அரசினர் இறுதியில் ஏற்றிலர். இந்நாளிலோ அது கல்லும் மண்ணும் வேண்டாமலே எங்கும் எழுந்து நிற்கின்றது. நம் நாட்டில் 2009இல் தொடங்கப்பெற்று, 2010 செப்டம்பரில் மகாராட்டிர நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முதல் எண் வழங்கப்பெற்ற ஆதார் முறையில், பத்து விரல்களின் ரேகையும் இருகண்களின் கருவிழியும் முகமும் பதியப்பட்டுப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தரப்படுகின்றது. இதனால் ஏழைக்குரிய பொருள் இடைநின்றார் கையிற் சிக்காமல் அவனையே சேரும் என்பர். அந்நன்மை மெய்யேயாம், யாம் மறுத்திலேம். ஆயினும் மண்வெட்டியும் களைக்கொட்டும் பிடித்துத் தேய்ந்த விரல்களைப் பொறி அறிந்துகொள்ளாமையால், தம் பங்கு அரிசிக்கு மீண்டும் மீண்டும் விரல் வைத்து நின்ற முதியோரும் பலர். உழைத்தமையாலே ரேகை தேய்ந்தது. ரேகை தேய்ந்தமையால் உழைத்தவன் தானல்லன் ஆயினான்!

பணத்தின் திறமும் மாறிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் யு.பி.ஐ. என்னும் கைப்பேசிப் பணமாற்று முறை தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவில் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. நாட்டிற் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு அவ்விரவே செல்லாதாயிற்று. கரந்துவைத்த பணத்தை அழித்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயின் அத்தாள்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதற்கு மேற்பட்டவை வங்கிகட்கே திரும்பிவந்தன என்று ரிசர்வ் வங்கியே 2018இல் அறிவித்தது. அதன்பின் காய்கறி விற்பார் தள்ளுவண்டியிலும் கியூ.ஆர். குறி ஒட்டப்பெற்றது. எளிமை மிகுந்தது, சில்லறைக்கு அலையும் தொல்லை ஒழிந்தது. ஆனால் முன்னர்க் கைமாறிய காசு தான் வந்த வழியைத் தன்மேல் எழுதிக்கொண்டு வரவில்லை. இப்பொழுதைப் பணமோ, யார் யார்க்கு, எந்நாள், எந்நேரம், எவ்விடத்தில் என்பவற்றைத் தன்னொடு சுமந்தே செல்கின்றது. அன்றியும் கையிலுள்ள காசு உடையானுடையது. ஏட்டிலுள்ள காசு ஏடு வைத்திருப்பான் இசையும் அளவே உடையானுடையது. 2022 பிப்ரவரியில் கனடா நாட்டுத் தலைநகரில் கிளர்ச்சி செய்தாரை அடக்குதற்கு நெருக்கடிச் சட்டம் எழுந்தபொழுது, நீதிமன்ற ஆணை இன்றியே சிலருடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அச்சட்டத்தைக் கையாண்டது முறையன்றென 2024இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கிளர்ச்சி நன்றோ தீதோ என்பது வேறு. தீர்ப்பு வருதற்குள் ஏறத்தாழ ஈராண்டு கழிந்தன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அரசின் கண்ணே அன்றி வணிகர் கண்ணும் ஒன்றுண்டு. விலையின்றி மடல் விடுக்கவும் படங்காட்டவும் உதவுவார், உதவி பெறுவானுடைய விருப்பு வெறுப்புக்களைக் குறித்துக்கொண்டு அவற்றை விளம்பரஞ் செய்வார்க்குப் பயன்படுத்திப் பொருளீட்டுகின்றனர். பேஸ்புக் பயில்வார் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலான விவரங்கள் தேர்தற் றொழில் புரிந்த ஒரு நிறுவனத்தின் கையிற் சேர்ந்தமை 2018இல் வெளிப்பட்டது. ஒருவன் எதனை வாங்குவான் என்பதனோடு நில்லாமல், எவர்க்கு வாக்களிப்பான் என்பதளவும் அக்கண் நீண்டது.

இவற்றையெல்லாம் நோக்கியே போலும், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் நம் உச்சநீதிமன்றத்து நடுவர் ஒன்பதின்மர் ஒருமுகமாக, தனிமையுரிமை அரசியற் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையேயாம் என்று தீர்ப்பளித்தனர். 1954இலும் 1962இலும் அந்நீதிமன்றமே வேறாகக் கூறியிருந்ததனை அத்தீர்ப்பு மாற்றியது. வழக்குத் தொடுத்தவர் கே. எஸ். புட்டசாமி என்னும் ஓய்வுபெற்ற நடுவர். ஆதார் முறையை எதிர்த்து 2012இல் தம் முதுமையில் வழக்குரைத்தவர். எனினும் 2018இல், அரசினர் தரும் உதவிகட்கு ஆதார் வேண்டப்படலாம் என அந்நீதிமன்றமே பெரும்பான்மையால் உடன்பட்டது. ஆகவே சட்டத்தின் வழக்கு ஒருவாறு நிற்க, உயிரின் வழக்கு இன்னும் உசாவப்படாமல் இருக்கின்றது. அதனை உசாவுதல் நம்மனோர் கடன்.

திருமூலர் கூறிய கண்காணி

'எல்லாங் காணும் இறைவனை நம்புவார் இச்சிறு கண்காணிப்பை வெறுப்பானேன்? இறைவன் காண்கின்றான் எனச் சொல்லி மக்களைத் திருத்த முயன்று நீர் கைசலித்தீர். இதோ கேமரா என்னும் கருவி அத்தொழிலைச் செம்மையாகச் செய்கின்றது' என்று எம் நண்பர் ஒருவர் நகையாடினார். அவர்க்கு விடை திருமந்திரத்துள் உளது.

திருமூல நாயனார் இறைவனைக் கண்காணி என்னும் பெயராலேயே வழங்கி ஒரு திருமந்திரம் அருளிச்செய்தார். கண்காணிப்பார் இல்லையென எண்ணிக் கள்ளம் புரிவாரை இரங்கி, கண்காணி இல்லாத இடமே இல்லையென்று அறிவுறுத்தி, முடிவில் அக்கள்ளம் ஒழிந்தார் எவர் என்பதனைக் கூறுகின்றார். ஆண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுளது. கண்காணியாற் காணப்பட்டவர் களவொழிந்தார் என அவர் கூறிற்றிலர். இறைவனால் எல்லாரும் எக்காலத்தும் காணப்பட்டே இருக்கின்றனர். காணப்படுதல் ஒன்றே களவை ஒழிப்பதாயின் உலகில் கள்வரே இரார். கண்காணியைத் தாம் கண்டவரே களவொழிந்தார் என்பது அவர் திருவுள்ளம். உயிர் திருந்துவது தான் பார்க்கப்படுதலாலன்று. தன்னைப் பார்ப்பவனைத் தான் பார்த்தலால்.

சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரமும் இதனையே தெளிவிக்கும். கண் காணுதற்கு உயிர் உடனின்று காட்டித் தானுங் காணுமாறுபோல, உயிர் காணுதற்கு இறைவன் காட்டியுங் கண்டும் உதவுகின்றான். காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் என ஆசிரியர் இவற்றை விரித்துரைப்பர். இறைவன் காட்சி உயிரின் காட்சியை அடைப்பதன்று, திறப்பது. பெந்தாமின் கோபுரமோ இதற்கு நேர்மாறாயது. காண்பான் காணப்படாதிருத்தலே அதன் வலிமை. கைப்பேசியின் உட்புறத்து நம்மைக் குறித்துக்கொண்டிருப்பதனை நாம் காண்பதில்லை. அது நம்மைப் பற்றி யாது முடிவு செய்ததென்பதும் நமக்குக் காட்டப்படுவதில்லை. காட்டாது காணுங் கண் அது.

இரண்டாவது வேற்றுமை பயன் பற்றியது. ஐந்தொழிலும் இறைவன் தன்பொருட்டு இயற்றுவானல்லன். உயிர்களின் பொருட்டே இயற்றுகின்றான். நம்மைக் காண்டலால் அவன் எய்தும் ஊதியம் ஒன்றுமில்லை. அதனாலன்றோ அவன் முன்னர்க் கூச்சமின்றி நிற்கின்றோம்? அரசர்க்கு நம் அடக்கம் வேண்டும். வணிகர்க்கு நம் பணம் வேண்டும். பெற்ற தந்தைக்கும் மகனிடத்துப் பெறவேண்டுவது ஒன்றுண்டு. வேண்டுதலுடையார் கண் காணப்படுவானைத் தன் வேண்டுதலின் வண்ணமாக்கும். எத்துணைக் காண்கின்றது என்பதனாலன்று, எதன்பொருட்டுக் காண்கின்றது என்பதனாலேயே ஒரு கண் தளையாவதும் துணையாவதும் ஆம்.

மூன்றாவது மறைத்தல் பற்றியது. ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக ஓதியது பிற சமயத்தார்க்கு வியப்பாக இருக்கும். நம் முற்பிறவிச் செயல்களை நாம் நினைந்திலேம். நினைவோமாயின் அந்நாணத்தாலும் பகையாலும் இப்பிறவியில் ஓரடியும் எடுத்துவைக்க மாட்டேம். வினை நுகர்ந்து கழியவும் மலம் பக்குவமெய்தவும் இறைவன் திரோதானமாய் நின்று மறைக்கின்றான். அம்மறைப்பும் அருளே. விதை மண்ணுள் மறைந்து முளைக்கின்றது. நாடோறும் அகழ்ந்து பார்க்கப்படும் விதை முளைப்பதில்லை. பிழை செய்தான் ஒருவன் தனியே அழுது திருந்துதற்கும், இளையான் ஒருவன் தன் எண்ணம் முதிருமளவும் அதனை நெஞ்சிற் காத்தற்கும் மறைவான ஓரிடம் வேண்டும். பொறியின் ஏடோ மறவாது. பழையதொரு பெயர்ப்பதிவைத் தேடுபொறியின் விடைகளினின்று நீக்குமாறு கேட்கும் உரிமை ஒருவர்க்கு உண்டென 2014ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்து நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. மறைத்தலும் உயிர்க்கு உதவி என்பதனை அவர்கள் சட்டத்தின் வாயிலாகச் சிறிது அணுகினார்கள் போலும்.

தடை விடைகள்

'சித்திரகுத்தர் கணக்கும் எல்லாருடைய வினையையும் எழுதுவதன்றோ' எனின், எழுதுவதே. ஆயின் அக்கணக்கு நடுவனிடத்தன்றி வேறெவரிடத்தும் படிக்கப்படுவதில்லை, வணிகர்க்கு விற்கப்படுவதுமில்லை. அன்றியும் அஃது ஒருநாள் முடிவுறுங் கணக்கு. நுகர்ந்த வினை கழிகின்றது. குருவருளால் எஞ்சிய வினை எரிந்தொழிகின்றது. முடிவில்லாத கணக்கை எழுதுபவர் மனிதரே.

'திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓரதிகாரமே வகுத்தார். எல்லார்க்கும் நிகழ்வன அறிதலை வேந்தன் தொழில் என்றுங் கூறினார்' எனின், இது வலிய தடையே. எனினும் ஆராயப்படுவார் இவரென வகுக்குமிடத்து, அரசன் வினை செய்வாரை முதற்கண்ணும், அவன் சுற்றத்தாரை அடுத்தும், அவனை வேண்டாதாரை அதன்பின்னும் அவர் வைத்தமை நோக்குக. ஒற்று முதலிற் செல்லவேண்டுவது அதிகாரமுடையாரிடத்து. மேலும் ஓரொற்றன் கூற்றைப் பிறிதோரொற்றனால் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்றும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவாறு வைத்து மூவர் சொல்லும் ஒத்தவழித் தெளிதல் வேண்டும் என்றும் அவர் கட்டுப்பாடு விதித்தார். விரல் பதியவில்லை என்று பொறி ஒருமுறை கூறியதனையே முடிவாகக் கொண்டு ஒரு மூதாட்டியை வெறுங்கையோடு அனுப்புவார், வள்ளுவரைத் தமக்குச் சான்றாகக் காட்டல் இயலாது.

'கோயிற் கல்வெட்டுக்கள் கொடுத்தார் பெயரையும் கொடையையும் பொறித்து வைத்தில்லையோ' எனின், ஆம். முதலாம் இராசராசர் தாமும் தம் தமக்கையாரும் தம் தேவியரும் பிறரும் அளித்தவற்றைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலிற் கல்லில் வெட்டுவித்தார். அவை அறம் அழியாமைப் பொருட்டு, கொடுத்தார் உடன்பாட்டோடு வெட்டப்பட்டவை. அவற்றின் காவல் பன்மாகேசுவரரிடத்து வைக்கப்பட்டது. அக்கல்வெட்டு வருங்காலத்துக் கோயில் ஆள்வாரைக் கண்காணித்தது, கொடுத்தாரைக் கண்காணித்ததன்று.

'திருமேனிகள் களவு போகின்றனவே; கேமரா வேண்டாவோ' எனின், வேண்டுவதேயாம். சிறீபுரந்தான் கோயிலினின்று களவாடப்பட்டு ஆத்திரேலிய நாட்டுக் காட்சிக்கூடத்திற் சென்று நின்ற ஆடல்வல்லான் திருமேனி 2014ஆம் ஆண்டு இந்நாட்டிற்கு மீண்டது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னர் எடுத்துவைத்திருந்த படங்கள் அதனை இன்ன கோயிலதென நிறுவுதற்குப் பேருதவி செய்தன. காவற் கருவியை யாம் பகைத்திலேம். அது பொருளை நோக்குக. பொருளை ஆள்வாரை நோக்குக. கைகூப்பிக் கண்ணீர் வடிப்பார் முகத்தை நோக்கற்க என்பதே எம் கருத்து.

இனிப் பழங்காலம் முற்றும் உரிமையுடையதாயிருந்தது என்றும் யாம் கூறவில்லை. ஊரார் கண் பொறியின் கண்ணினுங் கொடியதாய் இருந்ததுண்டு. இன்னார் இத்தெருவில் நடந்தார், இன்ன கைம்பெண் இன்ன நிறப் புடைவை உடுத்தார் என்று பார்த்துப் பழிதூற்றிய கண்கள் நம்முடையவே. ரேகைச் சட்டம் எழுதினார் வெளிநாட்டார். பிறப்புப் பற்றி ஒரு குடியையே ஐயுறும் வழக்கத்தை அவர்க்குக் காட்டியதில் நம்மவர்க்கும் பங்குண்டு. ஆகலின் இந்நோய்க்குப் பொறியை மட்டும் பழித்தல் முறையன்று.

பூசலார் கட்டிய கோயில்

காணப்படுதலின் பொருட்டு அறஞ் செய்யும் வழக்கம் மிகுமாயின் யாது நிகழும்? பிறர் காண்டலால் ஒருவன் ஐந்நூறு ஈயவேண்டிய இடத்தில் ஐம்பது ஈவன். மற்றொருவன் ஐம்பது ஈயவேண்டிய இடத்தில் ஐயாயிரம் ஈவன். இருவர் ஈகையும் தம்முடையனவல்ல, காண்பாருடையன. தீமை செய்யாமையும் அவ்வாறே. கேமராவுக்கு அஞ்சிக் கையை மடக்கினான் களவை விட்டானல்லன், தள்ளிவைத்தான். அச்சத்தால் நிகழ்ந்த ஒழுக்கம், அச்சம் நீங்கியவழித் தானும் நீங்கும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினைமின். கோயிலெடுக்க விரும்பிப் பொருள் தேடியும் கிடையாமையால், உள்ளத்துள்ளே கல்லும் மரமும் தேடி, நாட்செய்து, அடிநிலை தொடங்கிச் சிகரமீறாகக் கட்டி முடித்தார். அக்கோயிலின்பொருட்டு ஒரு காசும் எவ்வேட்டிலும் ஏறிற்றில்லை. எக்கண்ணும் அதனைக் கண்டதில்லை. கச்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்கு வகுத்த நாளிலே, அன்பன் எடுத்த கோயிலிற் புகுவம், நீ வேறுநாட் கொள்க என இறைவன் அவன் கனவிற் றோன்றி அருளினான். வேந்தன் திருநின்றவூர்க்கு வந்து கோயில் யாண்டையது என வினாவ, ஊராரில் ஒருவரும் அறிந்திலர். அறியாமை அவர்க்குக் குற்றமாயிற்றில்லை, அக்கோயிலுக்குக் காவலாயிற்று. இன்று ஒரு பூசலார் தோன்றுவராயின் அவர்க்கு வேண்டுவது யாது? பொருளன்று, இடையூறின்றி உள்ளே கட்டுதற்கு ஓரிடமே. அவ்விடத்தை ஒருவர்க்கு நாம் கொடுத்தல் இயலாது. கெடாமற் காத்தல் இயலும்.

திருமடங்களும் திருக்கோயில்களும் செயற்பாலன

ஆதீனத் தலைவர்களும் கோயில் ஆள்வாரும் திருவுளங்கொள்ளுமாறு சில விண்ணப்பித்துக்கொள்கின்றேம். கியூ.ஆர். குறி இருக்கலாம், பெயரில்லாத காசை ஏற்கும் உண்டியல் அதனால் ஒழிதல் ஆகாது. அன்னம்பாலிக்கும் பந்தியில் எவரிடத்தும் எண்ணும் சான்றுஞ் கேட்டல் ஆகாது. பசியே ஆண்டுச் சான்று. காவற்கருவி கருவூலத்தையும் திருமேனிகளையும் வாயில்களையும் நோக்குக. பதிந்த படங்கள் குறித்த நாளளவும் இருந்து அழிக. அடியார் பெயரும் எண்ணும் எழுதிய ஏடுகள் பிறர்க்குத் தரப்படலாகா. மடத்தின் வரவு செலவுகளோ யாவருங் காண வைக்கப்படுக. எளியார் மறைவிலும் வலியார் வெளியிலும் இருத்தலே நேர்மை. இந்நாள் உலகம் இதனை மாறாகச் செய்கின்றது. நம் திருக்கோயில்களேனும் அம்மாற்றத்துக்கு உடன்படாதிருத்தல் வேண்டும். இல்லறத்தாரும் தம் மக்கள் கைப்பேசியைத் திறந்து நோக்குமுன், தம்மால் அவர்கட்குக் காட்டப்படுவது யாதென ஒருகாற் சிந்திப்பாராக.

மறுநாட் காலையில் அவ்விளைஞர் சொன்னவாறே வந்து தாளைத் தந்தார். பின்னர் இறைவன் திருமுன் நெடுநேரம் நின்றிருந்தார். அவர் முகத்தை நோக்காமல் யாம் பிராகாரத்தை வலம்வரத் தொடங்கினேம்.

சிவம்.